பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டிய ரிங்: இரண்டு சீசன் போன கதை

என் படகில் இருப்பது கார் வகையிலிருந்து வந்த வி8 பெட்ரோல் இன்ஜின். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 108 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், தசமத்தை விட்டுவிடுகிறேன். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு, கம்ப்ரஷனை ஏற்றி, வால்வுகளைத் திறந்து மூடும் கேமையும் மாற்றி முழு வேகத்தில் ஓட்டுவதற்காகவே கட்டிய இன்ஜின். கிராங்க், பேரிங், ஆயில் பம்ப் என்று ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் யோசித்தேன். பிஸ்டனைச் சுற்றி உட்கார்ந்து சிலிண்டர் சுவரை அடைக்கும் பிஸ்டன் ரிங்குக்கு மட்டும் பத்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. "ரேஸ்" என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு செட்டை வாங்கினேன். கேப், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவில் விடும் இடைவெளி, ஏற்கெனவே வைத்தே வருகிறது, அப்படியே மாட்டலாம் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. மாட்டினேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு விலையாக இரண்டு சீசனும், ரிங் செட்டின் விலையைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் பணமும் போயின. இன்ஜினைப் படகிலிருந்து மூன்று முறை இறக்கி ஏற்றியதில் போன முதுகு தனிக்கணக்கு.

முதல் சில மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது: ஆயில் குச்சியில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. புது இன்ஜின், ரிங் உட்கார நாளாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த செட்டில், சுவரிலிருக்கும் ஆயிலைச் சுரண்டி இறக்கும் அடி ரிங்காக இருந்தது லோ டென்ஷன் ஆயில் ரிங். அது சிலிண்டர் சுவரை லேசாகத்தான் அழுத்தும். உராய்வு குறைவதால் கொஞ்சம் பவர் கிடைக்கும், வாஸ்தவம். ஆனால் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க்கேஸிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் இருக்கும் இன்ஜினுக்காகச் செய்தது அது. என்னுடையது சாதாரண ஆயில் பேன், பம்ப் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட இன்ஜினில் இந்த ரிங்கைப் போட்டு நிமிடக்கணக்கில் முழு த்ராட்டிலில் ஓட்டினால் அது ஆயில் குடிக்கத்தான் செய்யும். வேக்யூம் பம்ப் இல்லாதவர்கள் ஸ்டாண்டர்ட் டென்ஷன் ஆயில் ரிங்கோடு நின்றுகொள்வது நல்லது. போகிற இரண்டு மூன்று குதிரைத்திறனை எந்தப் படகும் கவனிக்காது.

அப்புறம் அந்த நாள். தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. த்ராட்டிலை முழுதாகத் தள்ளி அப்படியே பிடித்திருந்தேன். நாலு நிமிடம் இருக்கும். சத்தம் மாறியது. வெடிக்கவோ இடிக்கவோ இல்லை, பாடிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை கட்டியது மாதிரி இருந்தது. ஆர்பிஎம் முந்நூறு இறங்கியது. திரும்பிப் பார்த்தால் இன்ஜின் மூடியின் இடுக்கில் நீலப் புகை. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் குழாய் ஆயிலைக் கக்கிக்கொண்டிருந்தது. ஐடில் வேகத்தில் கரைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க வால்வாக இருக்கக்கூடாதா, கேஸ்கெட்டாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

கரையில் லீக்டவுன் டெஸ்ட் போட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிஸ்டனை மேல் உச்சியில் நிறுத்தி, ப்ளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. சதவீதத்தைவிட முக்கியம், காற்று எங்கே சீறுகிறது என்பது. எக்ஸாஸ்ட்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, கூலிங் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் ஊற்றும் துளையில் காதை வைத்தால் சீறல் கேட்கிறதா, அது ரிங். எனக்கு மூன்றாவது சிலிண்டரில் 38 சதவீதம். ஆயில் துளையில் காதே வைக்க வேண்டியிருக்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே கேட்டது.

இன்ஜினை இறக்கிப் பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனின் மேல் ரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. ரிங் உட்காரும் பள்ளத்தின் மேல் விளிம்பு ஒரு நகத்தளவு உடைந்து போயிருந்தது. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள். ஆனால் என்னை உட்கார வைத்தது அந்த உடைந்த ரிங் இல்லை, உடையாத மற்ற ரிங்குகள். ஒவ்வொன்றின் முனையையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். ரிங் முனை இயல்பாக மங்கலாக, அரம் பட்ட கோடுகளோடு இருக்க வேண்டும். உடைந்ததையும் சேர்த்து எட்டு மேல் ரிங்குகளில் ஐந்தில் முனை கண்ணாடி மாதிரி பளபளத்தது. முனையும் முனையும் முட்டித் தேய்ந்த பளபளப்பு அது. மூன்றாவது சிலிண்டர் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். மற்ற நான்கும் வரிசையில் நின்றிருந்தன. உங்கள் இன்ஜினை எப்போது பிரித்தாலும் ரிங்கைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் முனையைப் பாருங்கள். கேப் போதவில்லை என்றால் அதுவே சொல்லிவிடும்.

என் தப்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கணக்கைப் போடும் பலரைப் பின்னால் பார்த்துவிட்டேன். படகுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. காரில் தெர்மோஸ்டாட் 90 டிகிரி பக்கம் திறக்கும். உப்புத் தண்ணீரை நேரே உள்ளே விடும் படகு இன்ஜினில் 60 டிகிரி பக்கமே திறந்துவிடும், அதற்கு மேல் போனால் உள்ளே உப்புப் படியும் என்பதால். ஆக என் இன்ஜின் காரைவிடக் குளிர்ச்சி, ரிங் அவ்வளவு விரியாது, கேப் இறுக்கமாக இருந்தால் நல்லதுதான் என்று நினைத்தேன். நடப்பது இதற்கு நேர் எதிர். சிலிண்டர் சுவர் குளிர்ந்து கிடப்பதால் போர் பெரிதாக விரிவதில்லை. ரிங்கோ எரியும் வாயுவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார் நெடுஞ்சாலையில் போகும்போது இன்ஜின் தன் சக்தியில் கால்வாசியைக்கூடப் பெரும்பாலும் தொடுவதில்லை. படகு எப்போதும் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டி மாதிரி. ப்ரொபெல்லர் விடவே விடாது. த்ராட்டிலைத் தள்ளிய நிமிடத்திலிருந்து எடுக்கும் நிமிடம் வரை முழுச் சுமை. ரிங் கொதிக்கிறது, சுவர் குளிர்கிறது, கேப் மூடுகிறது.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் உறைக்கும். 108 மி.மீ. போரின் சுற்றளவு கிட்டத்தட்ட 339 மி.மீ. இரும்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு விரியும். சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கேப் 0.37 மி.மீ. மூடிவிடும். மிச்சமிருந்த நல்ல ரிங் ஒன்றைச் சுத்தமான போரில் வைத்து, இடுக்கில் விட்டு அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளந்தேன். பெட்டியிலிருந்து வந்த கேப் 0.40. மிச்சம் வெறும் 0.03 மி.மீ. சாலையில் ஓடும் காருக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

ரிங் கம்பெனிகள் தரும் தாளில் ஒரு பெருக்கல் எண் இருக்கும். போர் அளவை அதால் பெருக்கினால் கேப். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத வேகமான சாலை இன்ஜினின் மேல் ரிங்குக்குப் பொதுவாக 0.0045 என்ற அளவில் இருக்கும், அதாவது 108-க்கு 0.49. பூஸ்ட், அதாவது அவை காற்றை அழுத்தி உள்ளே திணிப்பது, இருந்தால் 0.006, அதற்கும் மேலே போகும், அதாவது 0.65 அல்லது அதிகம். எனக்கு பூஸ்ட் இல்லை, ஆனால் விடாத சுமை இருக்கிறது. கடைசியில் நான் நின்றது 0.0055, கேப் 0.60. உங்களுடையதற்கு உங்கள் பிஸ்டனோடும் ரிங்கோடும் வந்த தாளைப் பாருங்கள். தாளில் படகுக்கென்று தனி வரி இல்லாவிட்டால் "சாலை" வரியை எடுக்காதீர்கள். கேப் கொஞ்சம் கூடிப்போனால் கொஞ்சம் வாயு கசியும், பவரில் தெரியக்கூடத் தெரியாது. குறைந்துபோனால் பிஸ்டன் உடையும். இரண்டும் ஒரே அளவு தப்பு இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது இரண்டாவது தடவை உருப்படியாகச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பயந்துபோன மனிதன் எடுக்கும் முடிவு எப்படி இருக்குமோ அப்படித்தான் எடுத்தேன். உடைந்த ரிங்கின் முகத்தில் மாலிப்டினம் பூச்சு பொரிந்து போயிருந்தது. "மாலி தாங்காது, கடலுக்குக் குரோம்தான்" என்று ஒருவர் சொன்னார். குரோம் கெட்டி, தூசிக்கும் அசையாது என்பது உண்மைதான். ஆனால் மாலி பொரிந்தது முனை முட்டியதால்; அது பூச்சின் குற்றமே இல்லை. எட்டு சிலிண்டரையும் அடுத்த ஓவர்சைஸுக்குக் குடைந்து, புதுப் பிஸ்டன் வாங்கி, குரோம் ரிங் மாட்டினேன். பட்டறையில் ரிங் எது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்கள் மாலிக்கு ஏற்ற மாதிரி நுண்ணிய கல்லால், 400 கிரிட்டில், வழவழப்பாக ஹோனிங், அதாவது சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பதை, முடித்துக் கொடுத்துவிட்டார்கள். குரோம் உட்கார இன்னும் முரடான சுவர் வேண்டும். அதோடு நான் செய்த இன்னொரு புத்திசாலித்தனம்: புது இன்ஜினை மெதுவாகப் பழக்க வேண்டும் என்று, கரையில் ஹோஸ் பைப்பில் தண்ணீர் கொடுத்து, நல்ல சிந்தெடிக் ஆயில் ஊற்றி, முக்கால் மணி நேரம் ஐடிலில் ஓட்டினேன்.

சுமையில்லாமல் ஓடினால் ரிங்குக்குப் பின்னால் வாயு அழுத்தம் இருக்காது. மேல் ரிங் சுவரில் ஒட்டி நிற்பது அதன் சொந்த ஸ்பிரிங் பலத்தால் என்று நாம் நினைக்கிறோம். அது சின்னப் பங்குதான். எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளுவதுதான் பெரிய பங்கு. அந்தத் தள்ளல் இல்லாமல் ரிங் சுவரைத் தடவிக்கொண்டே இருந்ததில், ஹோனிங் கோடுகளின் நுனி தேயாமல், மேலே ஆயில் பூச்சாக இறுகிப்போனது. கண்ணாடி பிடித்துவிட்டது என்பார்கள். அந்த சீசன் முழுக்க நீலப் புகை, நனைந்த ப்ளக், கிளம்பும் இடத்திலெல்லாம் பக்கத்துப் படகுக்காரர்களின் பார்வை. இன்னும் நாலு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்று நம்பியே சீசனை முடித்தேன். சரியாகவில்லை. உட்காராத ரிங் முதல் சில மணி நேரத்தில் உட்காரவில்லை என்றால் பெரும்பாலும் பிறகும் உட்காராது.

மூன்றாவது முறை வேறு பட்டறைக்குப் போனேன். ஹோனிங் மெஷினில் நின்றவர் வயதானவர். ரிங் வாங்கிவிட்டுத்தான் போயிருந்தேன். ரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ரிங்கை வாங்கிட்டுக் கல்லைத் தேடுறீங்க. எந்தக் கல்லுல முடிக்கணும்னு அந்தத் தாள்ல போட்டிருக்கு, அதை எடுங்க" என்றார். நான் தாளைப் பெட்டியோடு வீட்டில் விட்டுவிட்டு ரிங்கை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். போய் எடுத்து வந்தேன். ஹெட் போல்ட் இறுக்கும்போது சிலிண்டர் வட்டம் கொஞ்சம் நெளியும் என்பதால் ஹெட்டுக்குப் பதிலாகக் கனமான டார்க் பிளேட்டை மேலே போட்டு, அதே டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கி, அப்புறம்தான் கல்லை உள்ளே விட்டார். பிளேட் இல்லாமல் ஹோனிங் செய்தால் மேஜைமேல் வட்டமாக இருக்கும் போர் படகில் வட்டமாக இருக்காது. முடித்ததும் அவர் சொன்ன கழுவும் முறை எனக்குப் புதிது. பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும். கரைப்பான் கல்தூளைக் கோடுகளுக்குள் விட்டுவிடும். கழுவித் துடைத்துவிட்டு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு உள்ளே துடைத்தேன். சாம்பல் நிறம். மறுபடி கழுவினேன். துணி வெள்ளையாகவே வர நாலு முறை ஆனது. முந்தைய இரண்டு தடவையும் அந்தச் சாம்பல் எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இந்த முறை நான் தேர்ந்தெடுத்தது இதுதான். மேல் ரிங் டக்டைல் இரும்பு, முகத்தில் பிளாஸ்மா முறையில் தெளித்த மாலிப்டினம். மாலி நுண்துளை உள்ள பூச்சு, ஆயிலைப் பிடித்து வைக்கும், சுவரில் சீக்கிரம் உட்காரும். நாக்கிங், அதாவது எரிபொருள் முறைதவறி வெடித்து இடிப்பது, வந்தால் சாதாரண வார்ப்பிரும்பு ரிங் முறியும், டக்டைல் வளைந்து கொடுக்கும். டர்போ, சூப்பர்சார்ஜர் வைத்திருப்பவர்கள் நைட்ரைடு செய்த எஃகு ரிங்கைப் பார்க்கலாம். தடிமன் சுமார் 1.5 மி.மீ. 1 மி.மீ. ரிங் லேசானது, மிக உயர்ந்த ஆர்பிஎம்மில் படபடக்காமல் நிற்கும், அதெல்லாம் சரி. ஆனால் 5,500-ஐத் தாண்டாத என் இன்ஜினுக்கு அது தேவைப்படவில்லை. தவிர பிஸ்டன் பள்ளம் எந்த அளவில் வெட்டியிருக்கிறதோ அந்த ரிங்தான் போடமுடியும். ஆகவே தடிமனைப் பிஸ்டன் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ரிங்கின் பின்பக்கம் வாயு போகப் பிஸ்டன் தலையில் நேரே துளை போட்ட கேஸ் போர்ட் பிஸ்டன்களும் ஆசை காட்டும். அந்தத் துளைகள் கரியில் அடைபடும். சில நொடி மட்டும் ஓட்டி, அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்பவர்களுக்கு அது சரி, நமக்கு வேண்டாம்.

இரண்டாவது ரிங் வார்ப்பிரும்பு. அதற்குப் பெரிய சூடும் இல்லை, வேலையில் பெரும்பகுதி ஆயிலைச் சுரண்டுவதுதான். அதன் கேப்பை மேல் ரிங்கைவிடப் பெரிதாக வைத்தேன், 0.68. பழைய ஆட்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது இறுக்கமாக இருந்தால், மேலே தப்பி வந்த வாயு இரண்டு ரிங்குக்கும் நடுவில் சிக்கி, மேல் ரிங்கைக் கீழிருந்து தூக்கிவிடும். அது போக வழி விடுவதுதான் இந்தக் கூடுதல் கேப்.

இம்முறை வாங்கியது அரத்தால் தேய்த்து அளவு வைக்கும் செட். ரிங்கைப் போருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் சுமார் 25 மி.மீ. ஆழத்துக்கு நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, வெளியே எடுத்து, கைப்பிடி சுற்றும் சின்ன அரத்தில் இரண்டு சுற்று, மறுபடி உள்ளே. ஒரு முனையை மட்டும் தேய்க்க வேண்டும், வெளிமுகத்திலிருந்து உள்பக்கமாக மட்டும். மாற்றித் தேய்த்தால் மாலிப் பூச்சு விளிம்பில் பெயரும். முடித்ததும் பிசிறை நுண்கல்லால் ஒரு தடவு. பதினாறு ரிங், இரண்டு மாலை. எந்த ரிங் எந்த சிலிண்டரில் அளந்ததோ அதற்கே போக வேண்டும். போர் 0.01 பெரிதாக இருந்தால் கேப் 0.03 திறந்துவிடும், சுற்றளவுக் கணக்கு அப்படி. எண் எழுதிய காகித உறைகளில் போட்டு வைத்தேன்.

மாட்டும்போது மூன்று விஷயம். ரிங்கைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே விடாதீர்கள், நெளிந்துவிடும். விரிக்கும் இடுக்கி வாங்குங்கள். புள்ளியோ குறியோ இருந்தால் அது மேலே. ஆயில் ரிங்கின் நடு வளையத்தின் இரு முனைகளும் முட்டி நிற்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏழாவது பிஸ்டனில் எனக்கு ஏறியிருந்தது. கையால் சுற்றிப் பார்க்கும்போது தடுக்கியதால் தப்பித்தேன்.

ரிங்கோடு சம்பந்தமில்லாத மாதிரி தெரியும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிரித்தபோது இரண்டு சிலிண்டர்களில், ரிங் நின்ற இடத்தில் மெல்லிய துருக்கோடு வளையமாக இருந்தது. பெரிய கேம் போட்டால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். ஐடிலில் எக்ஸாஸ்ட்டில் கலக்கும் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு சிலிண்டருக்குள் வரும். எந்த உயர்ந்த ரிங்கும் உப்புத் தண்ணீருக்குத் தாங்காது. கேமைத் தேர்ந்தெடுக்கும்போதே தண்ணீர் திரும்பி வராமலிருக்கப் புகைக்குழாயை உயர்த்தி வைக்கும் எக்ஸாஸ்ட் ரைசரின் உயரத்தையும் பார்க்கவேண்டும். சீசன் முடிந்து நிறுத்தும்போது துருப் பிடிக்காமலிருக்கச் சிலிண்டருக்குள் ஃபாகிங் ஆயில் அடித்துவிட்டு நிறுத்துங்கள். டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே ரிங்கின் முனை சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துளையில் மாட்டாமல் இருக்கப் பள்ளத்தில் சின்ன பின் இருக்கும், முனை அந்தப் பின்னில் சரியாக உட்கார வேண்டும். கரியில் ரிங் ஒட்டாமலிருக்கப் பலவற்றில் மேல்பக்கம் சரிவான கீஸ்டோன் ரிங் இருக்கும். அதற்குப் பதில் தட்டை ரிங் போட்டுப் பார்க்க வேண்டாம். நண்பர் ஒருவர் பார்த்தார், இப்போது பேச்சை மாற்றுகிறார்.

இந்த முறை முதல் ஸ்டார்ட்டே தண்ணீரில். சாதாரண மினரல் ஆயில். சூடானதும் படகை எழுப்பி, பாதி, முக்கால் த்ராட்டில் என்று ஏற்றி இறக்கி, ஒரே வேகத்தில் நிற்காமல் ஓட்டினேன். கேமும் புதிது என்றால் அதன் பழக்கும் முறை தனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மணி நேரத்தில் புகை நின்றது. பத்து மணி நேரத்தில் ஆயில் குச்சி அசையவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் லீக்டவுன் எண்கள் இருக்கின்றன. ஏழு சிலிண்டர் 4-லிருந்து 6 சதவீதம். ஆறாவது மட்டும் 9. அந்த ரிங்கைத் தேய்க்கும்போது யாரோ கூப்பிட, பேசிக்கொண்டே கை இரண்டு சுற்று கூடுதலாகப் போய்விட்டது, 0.67 என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறேன். அதுதான் காரணமா தெரியவில்லை. சீசன் தொடக்கத்தில் 9, முடிவிலும் 9. அதற்காக இன்ஜினைத் திறக்கப் போவதில்லை.